காவல் செடிகள்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – தாவரவியல்)

ஒரு செடியைக் கொண்டு மற்றொரு செடியைப் பூச்சிகளிடமிருந்து காப்பது உழவர்களுக்குப் புதிய செய்தியன்று. ஆயினும் காரணம் அறிந்து செய்தால்தான் அது முழுப்பயன் தரும். இவ்வுண்மையை நான் நட்டப்பட்டே கற்றேன்.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில், திருக்கழுக்குன்றத்துக்கு அப்பால் எங்கள் ஊர். மணற்பாங்கான நிலம்; வேர்க்கடலையே எங்கள் வாழ்வு. வயலோரம் ஆமணக்கு ஊன்றுவது என் தாயாரின் வழக்கம். சென்ற பருவத்தில் அவர் நோயுற்றதால் வயல் என் பொறுப்பாயிற்று. ஆமணக்குதான் காவல் நிற்கிறதே என்று நான் இருந்துவிட்டேன். சில நாட்களில் ஆமணக்கு இலைகள் சல்லடையாயின. அடுத்து புரோடீனியா புழுக்கள் கடலையில் இறங்கின. அடுத்த விதைக்கென வைத்திருந்த பணம் மருந்துக்குப் போயிற்று.

"இலைக்கு அடியில பழுப்பா பஞ்சு மாதிரி இருக்குமே, அதைக் கிள்ளிப் போடலியாப்பா?" என்றார் அம்மா. நான் அதைக் கேட்டறிந்ததே இல்லை.

என் ஆசிரியர் விளக்கினார்: ஆமணக்கு பூச்சியை விரட்டுவதில்லை, ஈர்க்கிறது. தாய் அந்துப்பூச்சி அதன் அகன்ற இலைகளில் நூற்றுக்கணக்கான முட்டைகளைக் குவியலாக இட்டு, தன் உடல் மயிரால் மூடிவிடும். பொரித்த புழுக்கள் முதலில் ஒரே இலையில் கூட்டமாய்ச் சுரண்டித் தின்னும். அப்போதே அவ்விலையைக் கிள்ளி அழிக்க வேண்டும். தவறினால் ஆமணக்கே புழுக்களின் நாற்றங்கால் ஆகிவிடும்! இதனையே பொறிப்பயிர் என்பர்.

தக்காளிக்குச் செண்டுமல்லி இவ்வாறே உதவும். பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசைச் செண்டுமல்லி நடப் பரிந்துரைத்தது. இரண்டும் ஒரே வேளையில் பூக்கும்படி 25 நாள் தக்காளி நாற்றுடன் 45 நாள் செண்டுமல்லி நாற்றை நடவேண்டும். காய்ப்புழுவின் அந்துப்பூச்சி செண்டுமல்லியையே பெரிதும் நாடி முட்டையிடும்.

செண்டுமல்லியின் வேருக்கும் ஓர் ஆற்றல் உண்டு. அதிலுள்ள ஆல்பா டெர்தியனைல் என்னும் பொருள் நூற்புழுக்களைக் கொல்லும் என்பதை 1958இல் நெதர்லாந்து அறிஞர்கள் கண்டறிந்தனர்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். படிப்பு என்பது வயலைவிட்டு விலகும் வழி என்றே எண்ணியிருந்தேன். எழுதப் படிக்கத் தெரியாத என் தாயாரின் கை அறிந்திருந்ததற்கு, வகுப்பறை காரணம் சொன்னது. நண்பர்களே! விடுமுறையில் ஊர் செல்லும்போது நம் பெற்றோரிடம் கேளுங்கள். இலைகளைப் புரட்டியும் பாருங்கள்.