மூலதனத்தின் விலை: நிதித் துறையில் காலடி வைப்பவருக்கு ஒரு மடல்



பட்டயக் கணக்காளராகவோ மேலாண்மைப் பட்டதாரியாகவோ ஒரு நிறுவனத்தில் சேர்ந்து, சில ஆண்டுகளைக் கணக்கு முடிப்பிலும் வங்கி ஆவணங்களிலும் கழித்தபின், உத்திசார் நிதி மேலாண்மை என்ற பெயரில் நடக்கும் நிர்வாகப் பயிற்சிக்கு அனுப்பப்படுபவர், அங்கே சில நாள்களுக்குள் பெரும்பாலும் கருவிகளையே பெறுகிறார். எதிர்காலத்தில் வரவிருக்கும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் காணும் முறை, கடனும் பங்கும் கலந்த மூலதனத்தின் சராசரிச் செலவைக் கணிக்கும் சூத்திரம், ஒரு நிறுவனத்துக்கு விலை மதிப்பிடும் எக்செல் மாதிரி ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இவை தேவையானவை என்பதில் ஐயமில்லை. எனினும் இவை அனைத்தும் ஒரே கேள்விக்கு விடை காண்பதற்காக உருவானவை என்பது பயிற்சியின் வேகத்தில் மறைந்துபோகிறது: பிறர் நம்பி ஒப்படைத்த பணம், அதற்கு அவர்கள் நியாயமாக எதிர்பார்க்கும் விலையைக் காட்டிலும் கூடுதலாக ஈட்டுகிறதா? இக்கேள்வியை முடிவு எடுக்கப்படுவதற்கு முன்பே, கேட்க விரும்பாதவர் முன்னிலையிலும் எழுப்புவதுதான் நிதியாளரின் தலையாய கடமை.

கடனுக்கு வட்டி உண்டு என்பதும், அது லாப நட்டக் கணக்கில் செலவாக எழுதப்படும் என்பதும் எவருக்கும் தெரியும். பங்குதாரரின் பணத்துக்கும் விலை உண்டு என்பதோ எந்தக் கணக்கேட்டிலும் எழுதப்படுவதில்லை. ஈவுத்தொகை கொடுக்காமல் விட்டாலும் சட்டம் கேட்பதில்லை என்பதால், அந்தப் பணம் இலவசமாகக் கிடைத்தது என்ற எண்ணம் நிர்வாகத்தில் மெல்லப் படிந்துவிடுகிறது. எடுத்துக்காட்டாக, 100 கோடி ரூபாய் மூலதனம் கொண்ட ஒரு நிறுவனம் அதில் 40 கோடியை 10 விழுக்காடு வட்டியில் கடனாகப் பெற்றிருப்பதாகவும், வரி 25 விழுக்காடு என்பதாகவும், எஞ்சிய 60 கோடியைத் தந்த பங்குதாரர்கள் அத்தொழிலின் இடர்ப்பாட்டைக் கருதி 14 விழுக்காடு எதிர்பார்ப்பதாகவும் கொண்டால், வரிச் சலுகை போகக் கடனின் செலவு 3 கோடி, பங்கு மூலதனத்தின் செலவு 8.4 கோடி, ஆக மொத்தம் 11.4 கோடி ஆகிறது. அந்நிறுவனம் வட்டிக்கு முன்னும் வரிக்குப் பின்னும் 10 கோடி ஈட்டினால், ஆண்டறிக்கை 7 கோடி நிகர லாபம் என்று மகிழ்ச்சியுடன் அறிவிக்கும். உண்மையில் அது பங்குதாரரின் செல்வத்தில் 1.4 கோடியைக் குறைத்திருக்கிறது. லாபம் காட்டியபடியே மதிப்பை அழிக்க முடியும் என்ற இந்த உண்மையை முழுமையாக உள்வாங்காதவருக்கு வேறு எந்தச் சூத்திரமும் உதவாது.

இக்கருத்து புதியதன்று. அமெரிக்கப் பேராசிரியர் ஆல்ஃபிரட் ராப்பப்போர்ட் 1986இல் வெளியிட்ட நூலில், கணக்கியல் லாபத்தை வைத்து நிறுவனத்தை அளப்பது தவறான வழியில் செலுத்தும் என்று வாதிட்டு, விற்பனை வளர்ச்சி, இயக்க லாப விகிதம், வரி விகிதம், நிலைச் சொத்துகளிலும் நடைமுறை மூலதனத்திலும் செய்யும் முதலீடு, மூலதனச் செலவு, வளர்ச்சி நீடிக்கும் காலம் ஆகிய ஏழு காரணிகளே மதிப்பைத் தீர்மானிக்கின்றன என்று நிறுவினார். பின்னர் ஸ்டெர்ன் ஸ்டூவர்ட் என்ற ஆலோசனை நிறுவனம், வரிக்குப் பிந்தைய இயக்க லாபத்திலிருந்து மூலதனச் செலவைக் கழித்து வரும் எச்சத்துக்குப் பொருளாதார மதிப்புக் கூட்டல் என்று பெயரிட்டு, அதை உலகெங்கும் பரப்பியது. இந்தியாவில் இன்ஃபோசிஸ், ஹிந்துஸ்தான் லீவர் போன்ற நிறுவனங்கள் சட்டம் வற்புறுத்தாத நிலையிலும் இக்கணக்கைத் தம் ஆண்டறிக்கைகளில் வெளியிட்டன. கடனே இல்லாத இன்ஃபோசிஸ் தன் மூலதனத்துக்கும் செலவு உண்டு என்று எழுதிக் காட்டியது பாராட்டுக்குரிய ஒழுக்கமாகும்.

பங்குதாரர் மதிப்பு என்பதைப் பங்கு விலை என்று மட்டும் புரிந்துகொள்வதால் விளையும் கேடு பெரிது. அமெரிக்காவில் 400க்கும் மேற்பட்ட நிதி நிர்வாகிகளிடம் கிரஹாம், ஹார்வி, ராஜ்கோபால் ஆகிய மூவரும் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், லாபம் காலாண்டுதோறும் ஏற்ற இறக்கமின்றித் தோன்றுவதற்காக உண்மையான பொருளாதார மதிப்பை விட்டுக்கொடுக்கத் தயார் என்று 78 விழுக்காட்டினர் தெரிவித்தனர். ஆராய்ச்சியை ஒத்திப்போடுவதும் பராமரிப்பைத் தள்ளிவைப்பதும் காலாண்டு எண்ணை உயர்த்தும். ஆனால் அதன் செலவை அடுத்து வரும் ஆண்டுகள் ஏற்கும். இத்தகைய ஒத்திவைப்புக்கு உடன்படுமாறு ஓர் இளம் நிதியாளரிடம் கேட்கப்படும்போது, அதனால் இழக்கப்படும் தொகையைக் கணக்கிட்டு எழுத்தில் வைப்பதே அவர் செய்யத்தக்க குறைந்தபட்ச எதிர்ப்பு.

பெரிய தவறுகள் பெரும்பாலும் கையகப்படுத்தலில், அதாவது ஒரு நிறுவனத்தை மற்றொன்று விலைக்கு வாங்குவதில், நிகழ்கின்றன. டாட்டா ஸ்டீல் நிறுவனம் தன்னைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு உற்பத்தித் திறன் கொண்ட ஆங்கிலோ-டச்சு நிறுவனமான கோரஸை வாங்க, 2006 அக்டோபரில் பங்கு ஒன்றுக்கு 455 பென்ஸ் தர முன்வந்தது. பிரேசிலின் சி.எஸ்.என். நிறுவனம் போட்டிக்கு வந்ததால் விலை ஏறிக்கொண்டே போய், 2007 ஜனவரி இறுதியில் நடந்த ஏலத்தில் 608 பென்ஸில் முடிந்தது, சி.எஸ்.என். 603 பென்ஸில் நின்றுவிட்டது. மொத்த விலை சுமார் 1,200 கோடி டாலர். அந்தச் சில மாதங்களில் கோரஸின் உலைகளோ தொழிலாளர் ஒப்பந்தங்களோ மூன்றில் ஒரு பங்கு மேம்பட்டுவிடவில்லை. மாறியது போட்டியின் சூடு மட்டுமே. 2008இல் உலகப் பொருளாதாரம் சரிந்து ஐரோப்பாவின் எஃகுத் தேவை வீழ்ந்தபோது, அந்தக் கூடுதல் விலை இழப்பைத் தாங்கும் இடைவெளியை ஏற்கெனவே விழுங்கியிருந்தது. 2013இல் ஏறத்தாழ 160 கோடி டாலர் மதிப்பிழப்பாகப் பதிவு செய்யப்பட்டது. 2016இல், கோரஸுடன் வந்த, ஸ்கன்தார்ப்பை மையமாகக் கொண்ட நீள்வகை எஃகுப் பிரிவு ஒரு பவுண்டு என்ற பெயரளவு விலைக்குக் கைமாறியது. 2024 செப்டம்பர் இறுதியில், கோரஸுடன் வந்த மற்றோர் ஆலையான போர்ட் டால்பட்டின் கடைசி ஊதுலை மூடப்பட்டது.

இதை வாங்கியவர்களின் அறியாமை என்று சொல்வது நேர்மையாகாது. நிதி நெருக்கடியை முன்கூட்டிக் கண்டவர் மிகச் சிலரே. ஐரோப்பியச் சந்தையும் தொழில்நுட்பமும் ஒரே அடியில் கிடைக்கும் என்ற உத்தியும் அர்த்தமற்றதன்று. ஆயினும் எந்த விலைக்கு மேல் வாங்கினால் மதிப்பு விற்பவருக்கே முழுவதுமாகப் போய்விடும் என்ற எல்லை ஒன்று உண்டு. ஏலத்துக்கு முன்பே அந்த எல்லையை எழுதி வைப்பதும், ஏலம் நடக்கும்போது அதைத் திருத்தும் ஒவ்வொரு வாதத்தையும் ஐயத்துடன் நோக்குவதும் நிதியாளரின் வேலை. கோரஸை வாங்கிய அடுத்த ஆண்டே, 2008இல், அதே குழுமத்தின் டாட்டா மோட்டார்ஸ், ஃபோர்டிடமிருந்து ஜாகுவார், லேண்ட் ரோவர் ஆகிய இரண்டையும் 230 கோடி டாலருக்கு வாங்கியது. ஃபோர்டு 1989இல் ஜாகுவாருக்கும் 2000இல் லேண்ட் ரோவருக்கும் சேர்த்து 500 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருந்தது. முதல் ஆண்டில் கடும் நட்டமும் பணநெருக்கடியும் வந்தபோதும், அந்நிறுவனம் செலவை இறுக்கி, புதிய மாடல்களாலும் சீனச் சந்தையாலும் மீண்டது. பின்னாளில் 2019இல் அதற்கும் பெரும் மதிப்பிழப்பு எழுதப்பட்டது என்பதால் இதை முழு வெற்றி என்று கூற இயலாது. எனினும் கொடுத்த விலை தாழ்வாக இருந்தபடியால் தவறுகளைத் திருத்திக்கொள்ள அவகாசம் கிடைத்தது.

இத்தகைய பேரங்கள் ஒரு நிதியாளரின் பணிக்காலத்தில் அரிதாகவே வரும். அன்றாடம் வருவது நடைமுறை மூலதனம். கிடங்கில் தேங்கும் சரக்கிலும், வாடிக்கையாளரிடமிருந்து வரவேண்டிய தொகையிலும் முடங்கும் பணத்துக்கும் அதே மூலதனச் செலவு உண்டு என்பதால், வசூலைச் சில நாள்கள் விரைவுபடுத்துவது மதிப்பைக் கூட்டும். இங்கேதான் ஒரு தூய்மையற்ற வழியும் திறந்திருக்கிறது. சிறு தொழில்களுக்குத் தரவேண்டிய பணத்தை மாதக்கணக்கில் இழுத்தடித்தால் பெரிய நிறுவனத்தின் விகிதங்கள் அழகாகும். ஆனால் அதனால் புதிய மதிப்பு எதுவும் பிறப்பதில்லை, வலுவிழந்தவரின் பணம் வலுவுள்ளவரின் கணக்குக்கு இடம் மாறுகிறது. கோயம்புத்தூரில் பம்பு உதிரிப் பாகம் செய்யும் பட்டறை உரிமையாளர் அந்த இடைவெளியை நிரப்பக் கூடுதல் வட்டிக்குக் கடன் வாங்குகிறார் என்றால், மொத்தத்தில் செலவு கூடவே செய்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும் என்றும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கில் கூட்டு வட்டி செலுத்த வேண்டும் என்றும் விதிக்கிறது. இந்த நிலுவையைத் தம் திறமையாகக் காட்டிக்கொள்ளும் நிதியாளர் தம் தொழிலைத் தாழ்த்துகிறார்.

பங்குதாரர் மதிப்பு ஒன்றே நிறுவனத்தின் குறிக்கோள் என்று பயிற்சியில் சொல்லப்படுமானால், இந்தியச் சட்டம் அவ்வாறு சொல்லவில்லை என்பதையும் உடன் அறிந்திருத்தல் நலம். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 166ஆம் பிரிவு, இயக்குநர் ஒருவர் உறுப்பினர் அனைவரின் நன்மைக்காக மட்டுமின்றி, நிறுவனம், பணியாளர், பங்குதாரர், சமூகம் ஆகியவற்றின் நலனுக்காகவும் சுற்றுச்சூழலின் பாதுகாப்புக்காகவும் நல்லெண்ணத்துடன் செயல்பட வேண்டும் என்கிறது. இவ்விரண்டும் முரண்பட்டவை என்று கருதத் தேவையில்லை. தொழிலாளரையும் சப்ளையரையும் வாடிக்கையாளரையும் இழந்த நிறுவனம் நீண்ட காலம் மூலதனச் செலவுக்கு மேல் ஈட்டுவது கடினம். பங்குதாரர் எல்லாருக்கும் கடைசியில் எஞ்சுவதைப் பெறுபவர் என்பதால், ஏனையோரின் பங்கை நேர்மையாகக் கொடுத்த பிறகு மிஞ்சுவதே அவருக்குரியது.

எனவே பயிற்சிக்குச் செல்லும் இளையவர் அயல்நாட்டு நிறுவனங்களின் ஆய்வுக்கதைகளோடு நின்றுவிடாமல், தம் நிறுவனத்தின் கடந்த ஐந்தாண்டு இருப்புநிலைக் குறிப்புகளையும் உடன் எடுத்துச் செல்லட்டும். ஒவ்வொரு பிரிவிலும் எவ்வளவு மூலதனம் முடங்கியிருக்கிறது, அது எவ்வளவு ஈட்டுகிறது, அதன் செலவு எவ்வளவு என்பதை அங்குள்ள ஆசிரியர்களின் துணையோடு கணக்கிடட்டும். விடை எதிர்மறையாக வந்தால், அது எந்த மூத்த அதிகாரி வளர்த்த பிரிவாக இருந்தாலும், திரும்பிய வாரமே அதைத் தம் நிதித் தலைவரின் மேசையில் வைக்கட்டும்.