வேடந்தாங்கலுக்கு எப்போது போவது?
வேடந்தாங்கலை மே மாத விடுமுறைக்கு ஒதுக்கி வைக்காதீர்கள். அங்கே பறவைகளை வரவழைப்பது ஏரித் தண்ணீர்தான். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்ததும், நீருக்குள் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டுகின்றன. கோடையில் தண்ணீர் வற்றினால் கிளம்பிவிடுகின்றன. பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கிறதே என்பீர்கள். அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியில்தானே வருகிறது? அதுவே நல்ல பருவம். மழை பொய்த்த ஆண்டென்றால் ஏரியில் நீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

நடுப்பகலைவிட மாலை மேல். இரை தேடப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்பும் நேரம் அது. கரையில் நடந்தபடியே பார்க்கலாம், பைனாகுலர் இருந்தால் இன்னும் நல்லது. சத்தம் மட்டும் வேண்டவே வேண்டாம்: பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்றறிந்து, தலைமுறைகளாக அவற்றைக் காத்துவரும் ஊர் அது.