வண்டி யாருடையது?

இந்த மாதப் பாடம் ராக்கெட்டைப் பற்றியது. கணக்கு கொஞ்சம்தான், பயப்பட வேண்டாம்!

1967-இல் பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் 'சிம்ஃபனி' என்ற தொலைத்தொடர்புச் செயற்கைக்கோளைச் சேர்ந்து செய்ய முடிவெடுத்தன. அதை மேலே கொண்டு போக, ஐரோப்பிய நாடுகள் கூட்டாக உருவாக்கிய 'யூரோப்பா' ராக்கெட் இருந்தது. ஆனால் 1971 நவம்பரில் அந்த ராக்கெட் தோல்வியடைந்தது. பிறகு திட்டமே கைவிடப்பட்டது.

சரக்கு தயாராகிக்கொண்டு இருக்கு, லோரி இல்லை. என்ன செய்வது? அமெரிக்காவைக் கேட்டார்கள். அமெரிக்கா ஒப்புக்கொண்டது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: சிம்ஃபனியைச் சோதனைக்குத்தான் பயன்படுத்தலாம், வியாபாரத்துக்குக் கூடாது. அப்போது உலகத் தொலைத்தொடர்பில் 'இன்டெல்சாட்' அமைப்புதான் முன்னணியில் இருந்தது. அதில் அமெரிக்காவுக்குப் பெரிய பங்கு. போட்டியாளரை யாராவது தன் வண்டியிலேயே ஏற்றிவிடுவார்களா?

சிம்ஃபனி 1974 டிசம்பரில் அமெரிக்க ராக்கெட்டில் போனது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே ஐரோப்பா, சொந்தமாக 'ஏரியான்' ராக்கெட்டைக் கட்ட முடிவு செய்துவிட்டது. 1979 டிசம்பர் 24-இல் அது முதல்முறை வெற்றிகரமாகப் பறந்தது.

ஏவிய இடத்தையும் கவனியுங்கள். தென் அமெரிக்காவில், பிரெஞ்சு கயானாவின் கூரூ. பூமத்திய ரேகையிலிருந்து சுமார் 5 பாகை வடக்கே. அமெரிக்காவின் கேப் கனாவெரல் சுமார் 28.5 பாகை. தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்கள் பல பூமத்திய ரேகைக்கு நேர் மேலே சுற்றுகின்றன. தள்ளியிருக்கும் இடத்திலிருந்து ஏவினால், பாதையைத் திருப்பவே நிறைய எரிபொருள் போய்விடும். கூரூவிலிருந்து அந்தச் செலவு குறைவு. பூமியின் சுழற்சியும் கூடுதலாகத் தள்ளிவிடும். ரேகையில் அந்த வேகம் மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர்.

இதில் நமக்கு என்ன? நம்ம மீசாட்-1, 1996 ஜனவரியில் கூரூவிலிருந்து ஏரியானில்தான் போனது. சிங்கப்பூரும் தைவானும் சேர்ந்து வாங்கிய எஸ்.டி.-1, 1998-இல் அதே வழியில் போனது. இன்னொரு உறவும் உண்டு. நாகர்கோவில்காரரான நம்பி நாராயணன் தலைமையில் இஸ்ரோ பொறியாளர்கள் பிரான்சில் ஏரியானின் 'வைக்கிங்' இயந்திரத்துக்காக உழைத்தார்கள். அந்த உழைப்புக்கு ஈடாகத் தொழில்நுட்பம் கிடைத்தது. அதிலிருந்து பிறந்ததுதான் இந்தியாவின் 'விகாஸ்' இயந்திரம்.

ஆனால் ஒருமுறை கட்டிவிட்டால் போதுமா? போதாது. 2023 ஜூலையில் ஏரியான் 5 ஓய்வு பெற்றது. ஏரியான் 6 தாமதமானது. உக்ரைன் போரால் ரஷ்யாவின் சோயுஸ் ராக்கெட்டும் கைவிட்டுப் போனது. முடிவு? 2024 ஏப்ரலில் ஐரோப்பாவின் சொந்த வழிகாட்டிச் செயற்கைக்கோள்களான 'கலிலியோ' இரண்டு, அமெரிக்காவின் ஃபால்கன் 9-இல் ஏறிப் போயின. ஏரியான் 6 முதல்முறை பறந்தது அந்த ஜூலையில்தான்.

ஆக, திறமை என்பது ஒருமுறை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கும் நகை இல்லை. தலைமுறைக்குத் தலைமுறை கற்றுக்கொடுத்தால்தான் கையில் நிற்கும்.

கிளையில் கலந்துரையாட:
1. அமெரிக்காவின் நிபந்தனை நியாயமா? இரு பக்கமும் பேசுங்கள்.
2. நம் படிப்பிலும் தொழிலிலும் எதற்கெல்லாம் அடுத்தவர் வண்டியை நம்பியிருக்கிறோம்? அதில் ஒன்றையாவது நாமே கற்றுக்கொள்ள முடியுமா?