கட்டி இல்லாமலும் மார்பகப் புற்றுநோய் வரலாம்



மார்பகப் புற்றுநோய் என்றதும் "கட்டி இருக்கா?" என்றுதான் கேட்கிறோம். ஆனால் பல நேரம் கட்டியே தட்டுப்படாமல் வரும் ஒரு வகை உண்டு. அதன் பெயர் அழற்சி மார்பகப் புற்றுநோய். மார்பகப் புற்றுநோய் வரும் 100 பேரில் 1 முதல் 5 பேருக்குத்தான் இது வரும். ஆனால் மிக வேகமாகப் பரவும்.

அறிகுறிகள் என்ன?

• சில வாரங்களிலேயே ஒரு பக்க மார்பு வீங்கி, கனத்து, சூடாக இருக்கும்.
• தோல் சிவக்கும். கறுத்த நிறமுள்ளவர்களுக்குச் சிவப்பு தெரியாமல், அந்த இடம் இன்னும் கருத்துப் போகலாம்.
• தோல் தடித்து, ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி குழி குழியாக இருக்கும்.
• காம்பு உள்ளே இழுக்கலாம். அக்குளில் நெறி கட்டலாம்.

தோலுக்கு அடியில் நிணநீர் ஓடும் சின்னக் குழாய்களைப் புற்றுநோய் அணுக்கள் அடைத்துவிடும். வாய்க்கால் அடைத்தால் தண்ணீர் தேங்குகிற மாதிரி நீர் தேங்கி மார்பு வீங்குகிறது.

பால் கட்டினாலும் இப்படித்தான் இருக்கும். அங்கேதான் ஏமாந்து போகிறோம். டாக்டர் கொடுத்த மாத்திரையில் 7 முதல் 10 நாளில் குறையவில்லை என்றால், பத்து போட்டுக்கிட்டு காத்திருக்க வேண்டாம். பால் கொடுக்காத பெண்ணுக்கு வந்தால் உடனே மாவட்ட அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

என்ன பரிசோதனை?

மேமோகிராம், ஸ்கேன் எடுப்பார்கள். ஊசியால் கொஞ்சம் சதையும், தோலில் சிறு துண்டும் எடுத்துச் சோதிப்பார்கள். "ஊசி குத்தினா நோய் பரவிடும்" என்று சொல்வதை நம்பாதீர்கள். இந்தச் சோதனை இல்லாமல் நோயை உறுதி செய்ய முடியாது.

ரிப்போர்ட்டில் கிரேடு, ஸ்டேஜ் என்று இரண்டு இருக்கும். இரண்டும் ஒன்றல்ல.

கிரேடு: புற்றுநோய் அணு எந்த அளவு மாறியிருக்கிறது, எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்பது. 1 மெதுவானது, 3 வேகமானது.

ஸ்டேஜ்: உடம்பில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது. இந்த வகை நோய் தோலையும் பிடித்துவிடுவதால், கண்டுபிடிக்கும்போதே ஸ்டேஜ் 3 அல்லது 4 ஆக இருக்கும். ஸ்டேஜ் 3 என்றால் கைவிட்டாச்சு என்று அர்த்தமில்லை. முதலில் கீமோதெரபி மருந்து, பிறகு ஆபரேஷன், அதன்பின் கதிர்வீச்சு என்று வரிசையாகச் சிகிச்சை உண்டு. "ஏன் உடனே ஆபரேஷன் செய்யலை?" என்று பயந்து வீடு திரும்பிவிடாதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் உண்டு. அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

குழுவில் பேசுங்கள்:

1. மார்பில் வலி, வீக்கம் என்றால் வெளியே சொல்லத் தடையாக இருப்பது எது?
2. ஒரு உறுப்பினருக்கு இப்படி வந்தால் துணைக்கு யார் போவது? பஸ் செலவுக்குச் சங்கத்திலிருந்து எப்படி உதவுவது?