கணினி வெட்டும் பலகை, கைகள் கட்டும் படகு



மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்து நீரைக் கடந்தவர் நம் முன்னோர். அவர்கள் வழங்கிய ‘கட்டுமரம்’ என்னும் சொல்லையே ஆங்கிலேயர் ‘கேட்டமரான்’ எனத் தம் மொழியில் ஏற்றுக்கொண்டனர். பிணைத்துக் கட்டும் அப்பழைய முறை, இன்று கணினியின் துணையோடு புதிய வடிவம் பெற்றுள்ளது. அதனை இக்கட்டுரையில் காண்போம்.

தைத்துக் கட்டிய படகு

முற்காலத்தில் மரப்படகு கட்டப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். பலகைகளை வளைத்து, விலாச் சட்டங்களில் ஒவ்வொன்றாய்ப் பொருத்துதல் தேர்ந்த தச்சருக்கே கைவரும் கலையாகும். இங்கிலாந்தில் கென் லிட்டில்டைக் என்னும் பள்ளி ஆசிரியர் எளியதொரு வழி கண்டார். மெல்லிய ஒட்டுப்பலகைத் துண்டுகளின் ஓரங்களில் துளையிட்டுத் தைத்து, இணைப்புகளின்மேல் கண்ணாடியிழை நாடாவையும் பிசினையும் இட்டு இறுக வைப்பதே அவ்வழி.

இம்முறையைப் பின்பற்றி, ஜாக் ஹோல்ட், பேரி பக்னெல் ஆகிய இருவரும் 1962இல் ‘மிரர்’ என்னும் சிறு பாய்மரப் படகை வடிவமைத்தனர். அதன் நீளம் ஏறத்தாழ 3.3 மீட்டர். முன்புறம் கூராக இன்றித் தட்டையாக இருக்கும். பாய் சிவப்பு நிறமுடையது. சாதாரணக் குடும்பத்தினரும் வீட்டிலேயே கட்டக்கூடியதாக இருந்தமையால், அவ்வகைப் படகுகள் 70,000-க்கும் மேல் கட்டப்பட்டன.

தட்டைப் பலகை வளைந்த படகாவது எவ்வாறு? தையற்காரரை நினைத்துப் பாருங்கள். அவர் துணியை மேசைமேல் தட்டையாக விரித்துத்தான் வெட்டுகிறார். வளைவாக வெட்டிய ஓரங்களை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்ததும் அது தோளுக்குப் பொருந்தும் சட்டையாகிறது. பலகையும் அவ்வாறே. ஆகவே, வெட்டும் அளவு பிழைத்தால் படகின் உருவமே பிழைத்துவிடும்.

வரைபடமும் கணக்கும்

காகிதத்தில் வரையும்போது படகைச் சுருக்கி வரைகிறோம். 1:10 என்னும் அளவில், வரைபடத்தின் 1 சென்டிமீட்டர் உண்மையில் 10 சென்டிமீட்டராகும். வரைபடத்தில் 1 மில்லிமீட்டர் பிழைத்தால், பலகையில் 1 சென்டிமீட்டர் பிழைக்கும். கணினியிலோ உண்மை அளவிலேயே வரையலாம். வளைந்த பக்கத்தைத் தட்டையாக விரித்தால் எவ்வடிவம் பெறும் என்பதையும் அது கணக்கிட்டுத் தரும்.

ஒட்டுப்பலகை பெரும்பாலும் 8 அடி நீளமும் 4 அடி அகலமும் உடையது. படகின் பக்கமோ அதைவிட நீளமானது. எனவே அதனை இரு துண்டுகளாக வெட்டி இணைத்தல் வேண்டும். புதிர் அட்டைத் துண்டுகள் ஒன்றினுள் ஒன்று பொருந்துவதுபோல் அவ்விணைப்பை வெட்டும் ஆற்றல் கணினி இயந்திரத்திற்கு உண்டு. நம் நாட்டு மெராந்தி மரத்திலிருந்தும் படகுக்கேற்ற ஒட்டுப்பலகை செய்யப்படுகிறது என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியாகும்.

இயந்திரம் வெட்டும் விதம்

எண்களால் இயந்திரத்தை இயக்கும் முறையை, ஜான் பார்சன்ஸ் என்னும் அமெரிக்கரின் கருத்தை அடிப்படையாகக் கொண்டு, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் 1952இல் செய்து காட்டினர். அன்று துளையிட்ட நாடா கட்டளைகளைத் தாங்கியது. இன்று அப்பணியைக் கணினி ஆற்றுகிறது.

கணிதப் பாடத்தில் கட்டத்தாளில் புள்ளி குறிக்கிறீர்கள் அல்லவா? இயந்திரமும் அவ்வாறே இயங்குகிறது. இடவலமாக எவ்வளவு, முன்பின்னாக எவ்வளவு, ஆழம் எவ்வளவு என்னும் மூன்று எண்களைக் கொண்டு சுழலும் வெட்டுளி நகர்கிறது.

இங்கே நுட்பமொன்று உண்டு. உளியின் விட்டம் 6 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். உளியின் நடு, கோட்டின்மேலேயே சென்றால் இருபுறமும் 3 மில்லிமீட்டர் தேயும். 300 மில்லிமீட்டர் அகலத் துண்டு 294 ஆகிவிடும். ஆதலால் உளியைக் கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் தள்ளிச் செலுத்த வேண்டும். துளையை வெட்டும்போதோ உட்புறமாகத் தள்ள வேண்டும். வெட்டிய துண்டு அசையாதிருக்க, ஆங்காங்கே சிறு பிடிப்புகளை விட்டுவைத்துப் பின்னர் கையால் அறுத்தெடுப்பர்.

ஆழத்தின் அருமையைத் தோட்டத்துப் பெற்றோருக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ரப்பர் மரத்தைச் சீவும்போது உளி ஆழம் குறைந்தால் பால் குறையும். மிகுந்தால் மரம் காயப்படும். பட்டையில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரை விட்டுவைத்துச் சீவும் கையின் நுட்பத்தையே இயந்திரத்திற்கு எண்களால் கற்பிக்கிறார்கள்.

கையின் பங்கு

வெட்டிய துண்டுகள் தாமே படகாகிவிடா. கம்பியால் தைத்து, இருபுறமும் ஒத்திருக்கின்றனவா எனக் குறுக்களவு எடுத்துச் சரிபார்க்க வேண்டும். பிசினும் நாடாவும் இட்டு, இறுகிய பின் கம்பியை நீக்கித் தேய்த்துச் சாயம் பூச வேண்டும். பிசின் தோலில் படாதபடி கையுறையும், தூசு மூச்சில் செல்லாதபடி முகக்கவசமும் அணிதல் இன்றியமையாதது. இவை பெரியவர்கள் செய்யவேண்டிய பணிகளாகும்.

“இயந்திரம் வந்தால் நம் பிள்ளைகளுக்கு வேலை ஏது?” எனப் பெற்றோர் சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் பொருளற்றதன்று. இப்படகுப் பணியில் அறுக்கும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது உண்மையே. ஆனால், 294க்கும் 300க்கும் உள்ள வேறுபாட்டை அது தானே உணர்வதில்லை. தவறான எண்ணைக் கொடுத்தால் தவறாகவே, ஆனால் மிக நேர்த்தியாக வெட்டித் தரும்! எண்ணைச் சரியாகக் கொடுப்பவர் எவரோ அவருக்கே வேலை உண்டு. பின்னமும் தசமமும் அளவையும் அறிந்த பிள்ளைக்கு இயந்திரம் ஏவலாளாகும். ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகளின் கணிதப் பயிற்சிக்கு நாள்தோறும் சிறிது நேரம் ஒதுக்கித் தாருங்கள்.

பயிற்சி

1. 3.3 மீட்டர் நீளமுள்ள படகை 1:10 அளவில் வரைந்தால் அதன் நீளம் எத்தனை சென்டிமீட்டர்?

2. 250 மில்லிமீட்டர் அகலத் துண்டின் இருபுறக் கோடுகளின்மேலேயே 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள உளியின் நடு சென்றால், எஞ்சும் அகலம் எவ்வளவு?

3. தடித்த அட்டையில் சிறு படகொன்றின் பக்கங்களையும் அடிப்பகுதியையும் வரைந்து வெட்டி, நூலால் தைத்துப் பாருங்கள். ஓரத்தின் வளைவை மாற்றினால் படகின் வடிவம் எவ்வாறு மாறுகிறது என்பதைக் கண்டறிந்து எழுதுங்கள்.