வரப்புக் களையை முழுக்க அழிக்கலாமா?

கேள்வி: நெல்லைத் தாக்கும் பூச்சிகள் வரப்புக் களையில்தான் பெருகுகின்றன என்கிறார்கள். மருந்தடித்து எல்லாக் களைகளையும் அழித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். பாதி உண்மையை நம்பி முழு வரப்பையும் மொட்டையடிப்பது நட்டத்தில் முடியும். கதிர்நாவாய்ப்பூச்சி நெல் பால் பிடிக்கும்வரை குதிரைவாலி போன்ற புற்களில் காத்திருக்கிறது. இலைச்சுருட்டுப் புழுவும் புல்லில் வாழும். எனவே நெல் பூக்கும் முன்பே வரப்பிலும் வயலிலும் இந்தப் புற்களை அறுத்துவிடுவது அவசியம். ஆனால் புகையான் பெரும்பாலும் நெல்லையே நம்பியிருக்கிறது. அதன் முட்டைகளை அழிக்கும் நுண்குளவிகளோ, நெல் இல்லாத காலத்தில் புல்லிலுள்ள வேறு தத்துப்பூச்சிகளின் முட்டைகளில் பிழைக்கின்றன. சிலந்திகளுக்கும் வரப்பே புகலிடம்.

‘நன்மை செய்பவை வரும்வரை பயிர் தாங்குமா, மருந்துதானே விரைவு?’ என்று கேட்கலாம். கண்டபடி அடிக்கும் மருந்து சிலந்திகளையும் குளவிகளையும் கொன்று, புகையானை முன்னிலும் அதிகமாகப் பெருகவிடும். இதை அனுபவித்த இந்தோனேசியா 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. ஆகவே புல்லை அறுங்கள். பூக்கும் அகன்ற இலைச் செடிகளை விட்டுவையுங்கள். வரப்பில் உளுந்தோ தட்டைப்பயறோ ஊன்றுங்கள். வயலில் பூச்சிகளை எண்ணிப் பார்த்து, சேத அளவைத் தாண்டினால் மட்டும் மருந்தை நாடுங்கள்.