லைக்காவுக்கு எந்த பிளாஷ்?

கேள்வி: பழைய லைக்கா எம்9 கேமரா வாங்கியிருக்கிறேன். வீட்டு விசேஷங்களையும் எங்கள் ஊர் நாய்களையும் இரவில் எடுக்க எந்த பிளாஷ் வாங்கலாம்?
– வாசகர், கோம்பை

பதில்: சிறிய பிளாஷ் போதும். வெளிச்ச அளவைக் கையால் மாற்ற முடிய வேண்டும், தலை மேலே திரும்ப வேண்டும். பெரியது வாங்கினால் கேமரா தலைகனத்துச் சாயும். பரணில் கிடக்கும் பழைய பிளாஷை மட்டும் சோதிக்காமல் மாட்டிவிடாதீர்கள். சிலவற்றின் முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். கேமராவின் மின்சுற்று கருகிவிடும். எலக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஷட்டரை 1/180 நொடியிலோ அதற்குக் கீழேயோ வையுங்கள். உங்கள் கேமராவில் ஃபோகஸ் செய்ததுமே லென்ஸ் வளையத்தில் தூரம் தெரிந்துவிடும். பிளாஷின் கைடு நம்பரை அந்தத் தூரத்தால் வகுத்தால் அப்பெர்ச்சர் கிடைக்கும். நீங்கள் வைத்திருக்கும் ஐஎஸ்ஓவில் கைடு நம்பர் 24, ஆள் நிற்பது 3 மீட்டரில் என்றால் எஃப் 8. உங்களுடையதைப் போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா இந்தக் கணக்குக்கு நன்றாக ஒத்துழைக்கும். இன்னொரு சௌகரியம், படம் பதிவாகும் நொடியிலும் வியூஃபைண்டர் இருளாது. வெளிச்சம் முகத்தில் விழுவதை நேரிலேயே பார்க்கலாம். கண் மூடியவரை உடனே மறுபடி எடுக்கலாம்.

கோம்பை நாயை நேருக்கு நேர் பிளாஷ் அடித்தால் கண்கள் பச்சையாக எரியும், கறுத்த மூஞ்சியில் விவரமே தெரியாது. திண்ணைக்குக் கூட்டி வந்து, பக்கத்து வெள்ளைச் சுவரில் வெளிச்சத்தை அடித்துத் திருப்புங்கள். அப்போது அப்பெர்ச்சரை இரண்டு ஸ்டாப் திறக்க வேண்டியிருக்கும்.